பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம்

"இன்னா புள்ள, பொறாமையா?" என்று நீ கேட்ட அன்று, "ஆமாம்" என்று நான் சொல்லவில்லை.

"ச்சே, அதெல்லாம் இல்ல" என்றேன். சொல்லிவிட்டு, ஏற்கெனவே ஆறிப்போயிருந்த டீயை ஊதினேன். கரையான்சாவடி மெயின் ரோட்டில், நம் கிளினிக்குக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில் கால்களை ஆட்டிக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். உன் கைப்பேசியில் தேர்வு முடிவு திறந்தபடியே இருந்தது. மருத்துவ உதவியாளர் சான்றிதழுக்கான தேர்வு. உன் பெயருக்கு நேராகத் தேர்ச்சி. என்னுடையதை நான் பார்த்து, மூடி, கைப்பேசியைப் பைக்குள் போட்டிருந்தேன்.

இன்று காலை பேனா தேடி அதே பைக்குள் கையை விட்டபோது உன் ரப்பர் பட்டை விரலில் சிக்கியது. ரத்தம் எடுக்கும் முன் நரம்பு புடைக்கட்டும் என்று கைச்சதையில் இறுக்கிக் கட்டுவார்களே, அந்தப் பட்டை. இழுவை போய்விட்டது என்று ஒதுக்கிவைத்த பழையதை எடுத்து நீ கொண்டையில் கட்டிக்கொண்டாய். ஜெயா சிஸ்டர் பார்த்துவிட்டுக் கத்தினார். நம் கிளினிக்கில் முறைப்படி நர்ஸ் படிப்புப் படித்தவர் அவர் ஒருவர்தான். கத்துவதும் அவர் ஒருவர்தான்.

"எத்தன பேரு கையில கட்டினது! கலீஜ், கழட்டி எறிடி."

"ஸ்பிரிட்டுல ஊற வெச்சிட்டுத்தான் கட்டிகினேன் சிஸ்டர். இனிமே என் தலையில பேன் ஏறுனா அதுவே மயங்கிக் கீழ வுழுந்துடும்."

ஒரு மழைக்காலம் போய் அடுத்தது வரப்போகிறது. பட்டையில் ரப்பர் வாசனையும் உன் தேங்காய் எண்ணெய் வாசனையும் இன்னும் பிரியாமல் இருக்கின்றன. கவுன்ட்டருக்கு முன்னால் நின்ற பெரியவர், "இன்னாம்மா அத்தப் போயி மோந்து பாத்துகினு கீற? டோக்கன் குடு" என்றார். கொடுத்தேன். மதியம் கூட்டம் குறைந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. நான் உனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, நீயும் எனக்குச் செய்ததில்லை. நீ கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆமாம், பொறாமையாக இருந்தது. இப்படி எழுதிவிட்டு 'இருந்தது' என்பதை அடித்து, மேலே 'இருக்கிறது' என்று திருத்தினேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது நீ அங்கே பழையவள். நாங்கள் பாரிவாக்கத்துக்குக் குடிவந்த புதிது. அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் வேலை. நான் விலங்கியல் பட்டம் வாங்கியவள். மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை எழுதி எழுதிப் பார்த்துவிட்டு, போதும் என்று வீட்டில் சொன்ன பிறகு, கிளினிக் வாசலில் 'உதவியாளர் தேவை' என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து உள்ளே வந்தவள். டாக்டரின் மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை தொங்கும். கட்டிலில் நோயாளி படுத்திருப்பார். உதவியாளர் அவருக்கு ரத்த அழுத்தம் பார்ப்பாள், காய்ச்சல் பார்ப்பாள், புண்ணைக் கழுவும்போது விளக்கைப் பிடிப்பாள். மருத்துவத்துக்கு இதைவிட அருகே நான் போக முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் நிற்பது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. இதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. உனக்கு அது வெறும் திரை. மாதத்துக்கு ஒருமுறை துவைக்க வேண்டிய திரை.

நம் பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட எந்தப் பெண்ணும் சிஸ்டர்தான். கடைக்காரர், ஆட்டோக்காரர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் அம்மா, எல்லோருக்கும் அப்படித்தான் வாயில் வரும். முதல்முறை ஒருவர் என்னை அப்படிக் கூப்பிட்டபோது நான் திருத்தவில்லை. திருத்த என்ன இருக்கிறது, பேச்சுவழக்குதானே என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப மனதில் கேட்டுப் பார்த்தேன்.

நீ ஒவ்வொரு முறையும் திருத்துவாய். அதுவும் கூடம் முழுக்கக் கேட்கும்படி.

"நான் சிஸ்டர் இல்லக்கா, அசிஸ்டென்டு. சிஸ்டர் உள்ள கீறாங்க. என்னக் கூப்புட்டா தண்ணி குடுப்பேன், பொட்டி தூக்குவேன், பிரஷர் பாப்பேன். ஊசி வோணும்னா அவுங்களாண்ட போ."

"ஊசி தானேம்மா, நீயே ஒண்ணு போட்டு வுடேன். டாக்டர் வர நேரமாவும்."

"ஊசி போடணும்னா டாக்டர் எழுதணும்க்கா. நான் எழுதுனா அது கோலம் தான்."

சிரித்துவிடுவார்கள். மறுக்கப்பட்டவர்கள் எப்படிச் சிரித்தபடி போய் உட்கார்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. என்னிடம் ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி "சிஸ்டர், இதுல இன்னா போட்டுகீது?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வேன். உப்புச்சத்து ஏன் கூடுகிறது, சிறுநீரகம் என்ன செய்கிறது, எல்லாம் சரியாகத்தான் சொல்வேன். கேட்டவர்கள் முகம் வெளுத்து, நேரே உன்னிடம் வருவார்கள். "அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது?" நீ தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பாய். "எனக்கு இதுல எறும்பு ஊர்ற மாதிரி தான் கீது. டாக்டர் வந்து சொல்வாரு, நீ மொதல்ல துன்னியா?" நூம்பல் பக்கத்திலிருந்து வரும் ஓர் அம்மா உனக்கு மட்டும் வேகவைத்த வேர்க்கடலை கொண்டுவருவாள். நீ பாதியை என் கையில் கொட்டுவாய். சாப்பிட்டிருக்கிறேன். ருசியாகத்தான் இருந்தது. அதனால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

நீ அடக்கமான பெண் என்று யாராவது எழுதினால் நானே போய் அடித்துத் திருத்துவேன். மேசைக் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்யாமல் நீ திரைக்கு உள்ளே போனதில்லை. டாக்டர் உன்னை ஒருமுறை பாராட்டினால் அதை மூன்று ஆளாக நடித்துக் காட்டுவாய். எனக்குத் தெரிந்தவர்களிலேயே தன்னைப் பற்றித் தானே அவ்வளவு சந்தோஷமாகப் பேசியவள் நீதான்.

கிளினிக்குக்குத் தரச்சான்று வாங்க வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்தது போன வருடக் கோடையில். நம்மையெல்லாம் நிற்கவைத்துச் சொன்னார். இனிமேல் நோயாளியைத் தொடுகிறவர்கள் எல்லோரும் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாதவர்கள் டோக்கன் கவுன்ட்டரில் உட்காரலாம், யாருக்கும் வேலை போகாது. ஒரு தாளைச் சுவரில் ஒட்டினார். இடப்பக்கம் உதவியாளர் செய்ய வேண்டியவை: நாடி, காய்ச்சல், எடை, ரத்த அழுத்தம் பார்ப்பது, உடம்பு துடைப்பது, படுக்கை மாற்றுவது, தலை வாருவது, நடக்க வைப்பது. வலப்பக்கம் செய்யக் கூடாதவை: ஊசி, மருந்து, குளுக்கோஸ் ஏற்றுவது, நோய் என்னவென்று சொல்வது, பரிசோதனை முடிவை விளக்குவது.

நீ வலப்பக்கத்தைச் சத்தமாகப் படித்தாய். "இதெல்லாம் செய்யக் கூடாதுன்னா, ஜாலியா குந்திகினு இருன்னு சொல்லுங்க டாக்டர்."

"இடது பக்கத்தையும் படிம்மா" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

நான் சிரிக்கவில்லை. வலப்பக்கம் இருந்த எல்லாவற்றையும் நான் படித்திருந்தேன். இடப்பக்கம் இருந்த எல்லாவற்றையும் நீ செய்துகொண்டிருந்தாய்.

அனுபவம் உள்ளவர்களுக்குச் சில நாள் பயிற்சி, பிறகு தேர்வு. பயிற்சி மையம் ஆவடியில். நான் பூந்தமல்லியில் பஸ் ஏறுவேன். நீ சென்னீர்குப்பத்தில் ஏறி, நான் பிடித்துவைத்த இடத்தில் வந்து விழுவாய். தேர்வு நாளன்று பருத்திப்பட்டு வருவதற்குள் உனக்குப் பாடம் முழுவதும் சொல்லித் தர வேண்டும் என்று கட்டளை.

"நெஞ்சு வலின்னா இன்னா புள்ள? சுருக்கமா சொல்லு."

நான் சுருக்கமாகச் சொல்லவில்லை. இதயத்துக்கு ரத்தம் போகும் குழாயில் தொடங்கினேன். அடைப்பு எப்படி உண்டாகிறது என்ற இடத்துக்கு வந்தபோது என் தோளில் உன் தலை இருந்தது. தூங்கிவிட்டாய். ரப்பர் பட்டை என் கழுத்தில் உரசிக்கொண்டிருந்தது. பாவம், இவள் தேறமாட்டாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

செய்முறைத் தேர்வு நடந்த அறையில் ஒரு கட்டிலும் அதில் ஒரு பொம்மையும் இருந்தன. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா, கைத்தறிச் சேலையில், கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி நம்மைப் பார்த்தார். எல்லோரும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எனக்கு முன்னால் உன் முறை.

"வயசான ஒருத்தர். நெஞ்சை அழுத்துதுங்கறார். வேர்த்துக் கொட்டுது. பக்கத்துல நீ மட்டும்தான் இருக்கே. என்ன செய்வே?"

"குந்த வெப்பேன் மேடம். சட்டப் பட்டன லூஸ் பண்ணி வுடுவேன். ஜெயா சிஸ்டரக் கூப்புடுவேன். கத்தித்தான் கூப்புடுவேன். அவுங்க வர்ற வரிக்கும் கையப் புடிச்சிகினு பக்கத்துலயே நிப்பேன்."

"வேற?"

"வேற இன்னா மேடம் தெரியும் எனக்கு?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். என் முறை வந்தது. அதே கேள்விதான். எழுந்து நின்று, இத்தனை வருடம் சேர்த்துவைத்ததையெல்லாம் கொட்டினேன். இதய வரைபடம் எடுப்பேன், நாக்குக்கு அடியில் எந்த மாத்திரை, அதோடு எந்த மாத்திரை, இது நெஞ்செரிச்சலாக இருந்தால் எப்படிப் பிரித்தறிவது, எல்லாம். குரல் நடுங்கவில்லை. எனக்கே கேட்க நன்றாக இருந்தது.

அந்த அம்மா கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கேட்டார்: "நீ யாரைக் கூப்பிட்டே?"

நான் யாரையும் கூப்பிடவில்லை. அவ்வளவு நீளமான பதிலில், அந்த மனிதரையும் என்னையும் தவிர வேறு ஆளே இல்லை.

"நீ சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா அதுல ஒண்ணுகூட உன் வேலை இல்ல. உட்காரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் உட்கார்ந்தேன். நீ என் முழங்கையைக் கிள்ளி, "சூப்பரா பேசின புள்ள, டாக்டரு தோத்தாரு" என்று காதில் சொன்னாய். உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாய். அதுதான் தாங்க முடியவில்லை.

இவ்வளவுக்கும் பிறகுதான் அந்த டீக்கடை பெஞ்ச். நான் "அதெல்லாம் இல்ல" என்று சொன்னதும் நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"தோ பாரு, பொய் சொல்றப்போ மூக்கு செவந்துகினு கீது. நானா இருந்தா சும்மாவே இருந்திருக்க மாட்டேன். நீ பாஸாயி நான் பெயிலாயிருந்தா, உங்க ஊட்டாண்ட வந்து வாசல்ல குந்திகினு ஒப்பாரி வெச்சிருப்பேன்."

"உனக்குப் பொறாமையே வராதே" என்றேன்.

"யாரு சொன்னா? உன்னப் பாத்து டெய்லி பொறாமப்படறேன். உன் இங்கிலீஷு, உன் புக்கு, உங்க ஊட்ல உனுக்குன்னு தனி ரூமு. எனக்குப் பசி மாதிரி வரும். துன்னா பூடும்." டீ கிளாஸைக் கவிழ்த்து வைத்தாய். "அடுத்த தபா நீ பாஸாவ இல்ல, அன்னிக்கிப் பாரு. நான் எப்டி வயிறு எரியறேன்னு. இந்த பெஞ்சுலயே குந்திகினு எரிவேன்."

நீ அதை அவ்வளவு எளிதாகச் சொன்னாய். நான் படித்த புத்தகங்களில் பொறாமைக்காரர்கள் நிறைய வருவார்கள். ஒருவர்கூட இப்படிப் பலகாரத்தைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசியதில்லை. சான்றிதழைவிட இதில்தான் எனக்கு அதிகப் பொறாமை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் விருந்து. சென்னீர்குப்பத்தில், நெடுஞ்சாலை கோடவுன்களுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்து. உன் அப்பா ஒரு காலத்தில் அங்கே இருந்த வயல்களில் கூலிக்கு இறங்கியவர். இப்போது அதே இடத்தில் நிற்கும் கோடவுனில் லோடு ஏற்றுகிறார். உன் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, சுற்றிலும் சின்னச் சின்ன மினுக்கும் பல்புகளைச் சுற்றியிருந்தார். வந்தவர்களையெல்லாம் அதற்கு முன்னால் நிறுத்தினார். ஆங்கிலத்தில் இருந்த அந்த எழுத்துகளை அவரால் படிக்க முடியாது. உன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் விரல் வைத்துக் காட்டினார்.

என்னுடையதைப் பற்றியும் கேட்டார். "நீயும் ஒண்ணாத்தானேம்மா எழுதன? நீ எங்க மாட்டி வெச்சிகீற?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சமையல்கட்டிலிருந்து கத்தினாய். "அவுளுக்கு இன்னும் வர்ல நைனா. பெரிய படிப்புப் படிச்சவங்களுக்கு லேட்டாத்தான் அனுப்புவாங்க."

"ஓ, அப்டியா" என்று அவர் நம்பினார். மரியாதையோடு எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் கோழிக்குழம்பைச் சாப்பிட்டேன். மினுக்கும் பல்புகள் தட்டில் சிவப்பும் பச்சையுமாக விழுந்துகொண்டிருந்தன. என்னைக் காப்பாற்றும் இடத்தில் நீ இருக்கிறாய், காப்பாற்றப்படும் இடத்தில் நான் இருக்கிறேன் என்பதைத் தவிர அந்த மதியம் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து நான் கவுன்ட்டரில். கவுன்ட்டரிலிருந்து பார்த்தால் பச்சைத் திரையின் அடிப்பகுதி தெரியும். அதற்குக் கீழே உன் செருப்பு தெரியும். உன் கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை வைத்தே நீ என்ன செய்கிறாய் என்று எனக்குத் தெரியும். இப்போது ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றுகிறாய், இப்போது தலையணையைத் தூக்குகிறாய். திரைக்குள்ளிருந்து நோயாளிகளின் சிரிப்புக் கேட்கும். டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதற்கு நான் வேண்டுமென்றே கொஞ்சம் குரலை உயர்த்துவேன்.

உன் அடையாள அட்டையைக் கவனித்திருக்கிறேன். பெயருக்குக் கீழே 'உதவியாளர்' என்று இருக்கும். தினமும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அதைத் துடைப்பாய். என் கோட்டில் ஒன்றும் இல்லை. வந்தவர்கள் என்னை இன்னும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு அது முன்போலக் கேட்கவில்லை.

மழை தொடங்கியது. உனக்குக் காய்ச்சல் வந்தது. பூந்தமல்லிப் பக்கம் பாதி வீடுகளில் காய்ச்சல் இருந்த நேரம் அது. டாக்டரே பார்த்து, பரிசோதனை செய்து, அன்றே நெடுஞ்சாலையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டெங்கு. செய்ய வேண்டியதையெல்லாம் எல்லோரும் நேரத்துக்குச் செய்தார்கள். இதை நான் குறிப்பாக எழுதுகிறேன். ஏனென்றால் யார் மீதாவது குற்றம் சொல்ல முடிந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்வையாளர் நேரத்தில் ஒருவர் மட்டும் உள்ளே போகலாம். உன் அம்மா ஒருநாள் தன் முறையை எனக்குக் கொடுத்தாள். "நீ போயி பேசும்மா, உன்னத்தான் கேட்டுகினு கீறா" என்றாள். பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தேன். உன் உதடு காய்ந்திருந்தது. கண் மட்டும் அதே கண்.

"வா புள்ள. பாத்தியா, மகாராணி கணக்கா படுத்துகினு கீறேன்."

"பேசாத. தெம்பு வேணும்."

"தெம்பு கீது. அத்தப் பாரு." கண்ணால் காட்டினாய். சற்றுத் தள்ளி நம் வயதுப் பெண் ஒருத்தி பக்கத்துக் கட்டிலின் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். படுத்திருப்பவரைப் பக்கவாட்டில் திருப்பி, சுருட்டி, மறுபக்கம் திருப்பி, ஒரு சுருக்கமும் இல்லாமல். அவளுக்கும் உன்னுடையதைப் போலவே ஓர் அட்டை. "செஞ்சியாண்டேர்ந்து வந்துகீறா. எனக்குத் தண்ணி தொட்டுத் தொடைக்கிறா, தல வாரி வுடறா. என்ன வுட சூப்பரா செய்றா புள்ள. படுத்துகினு அத்தப் பாத்து எனக்குப் பொறாமையா கீது."

எனக்கும் பொறாமைதான் என்று அப்போதும் நான் சொல்லவில்லை. நேரம் முடிந்துவிட்டது என்றார்கள்.

அடுத்த நாள் உன்னால் பேச முடியவில்லை. கிளினிக் கோட்டோடு வந்து நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். உள்ளே அந்தச் செஞ்சிப் பெண் உன் கைகளைத் துடைத்தாள். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக. உன் தலையை மெல்ல உயர்த்தி, சிக்கெடுத்து வாரி, ரப்பர் பட்டையை மறுபடி கட்டினாள். சுவரில் ஒட்டிய தாளில் இடப்பக்கம் இருந்த வேலை. நான் படிக்கத் தேவையில்லை என்று நினைத்திருந்த பக்கம். அவள் வெளியே வந்தபோது போய் வழியை மறித்தேன்.

"நானும் கிளினிக்லதான் வேலை செய்றேன். ஒரே ஒரு தடவ, அவளுக்கு நான் தலை வாரி விடட்டுமா?"

"வெளியாளு தொடக் கூடாதுக்கா. சிஸ்டர் அனுமதிக்க மாட்டாங்க." என் கோட்டுப் பையைப் பார்த்தாள். அட்டை இருக்கும் இடம். பிறகு மெதுவாகச் சொன்னாள், "நான் பாத்து வாருறேன்க்கா. வலிக்காமத்தான் வாருறேன்."

என்னிடம் சான்றிதழ் இருந்திருந்தாலும் அந்த ஆஸ்பத்திரியில் என்னை விட்டிருக்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? அன்று அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது, கிளினிக் கவுன்ட்டரிலேயே இன்னும் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. உன் தலையைத் தொடும் அந்தக் கைகளைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தது. நீ பசி மாதிரி என்று சொன்னாயே, அப்படி இல்லை. எனக்கு அது சாப்பிட்டால் போகிற வகை இல்லை.

அதற்கு மறுநாள் காலை நீ இறந்தாய். உன் பொருட்களை ஒரு பாலித்தீன் உறையில் போட்டு அந்தப் பெண்தான் வெளியே கொண்டுவந்தாள். உன் அம்மாவால் கை நீட்ட முடியவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். ஒரு ஜோடிக் கம்மல், கைப்பேசி, ரப்பர் பட்டை. பட்டையில் முடி ஒன்று சுற்றியிருந்தது.

"மூச்சு ஒரு மாதிரி மாறுச்சுக்கா" என்றாள் அவள். நான் கேட்காமலே. "உடனே சிஸ்டரக் கூப்பிட்டேன். எல்லாரும் ஓடி வந்தாங்க. அவங்க வர்ற வரைக்கும் கையப் பிடிச்சிட்டுப் பக்கத்துலயே நின்னேன்."

அவள் உன்னைத் தேர்வறையில் பார்த்ததில்லை. நீ சொன்ன பதிலைக் கேட்டதில்லை. எங்கேயோ செஞ்சிப் பக்கம் ஒரு மையத்தில் யாரோ அவளுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். நீ கடைசியாகப் பிடித்திருந்த கை அவள் கை. அவள் மேல் எனக்கு இன்றும் பொறாமைதான். நல்ல பெண். பிறகு ஒருமுறை பூந்தமல்லி பஸ் நிலையத்தில் பார்த்தேன், சிரித்தாள். பதிலுக்குச் சிரித்தேன். அவளோடு ஒரே பஸ்ஸில் ஏற மனம் வரவில்லை.

இறந்தவர்களுக்கு எழுதும்போது இதெல்லாம் தானாகக் கரைந்துவிடும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். இத்தனை பக்கம் எழுதியும் கரையவில்லை. உன் அப்பா இன்னும் அந்தப் பல்புகளைக் கழற்றவில்லை. உன் படமும் இப்போது அதே சுவரில் இருக்கிறது, சான்றிதழுக்குப் பக்கத்தில். போனால் எனக்கு அதே நாற்காலியை இழுத்துப் போடுகிறார். "உன்னுது வந்துச்சாம்மா?" என்று கேட்கிறார். "இன்னும் வரல நைனா" என்கிறேன். உன் பொய்யைத்தான் நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பட்டை என் பையிலேயே இருக்கிறது. கட்டிக்கொள்வதில்லை. என் முடிக்கு அது நிற்காது. உன்னுடையது அடர்த்தி.

போன மாதம் மறுபடி தேர்வுக்குப் போனேன். பஸ் சென்னீர்குப்பத்தில் நின்றபோது பக்கத்து இருக்கையில் என் பை இருந்தது. ஓர் அம்மா ஏறிவந்து, "பையை எடும்மா, குந்தணும்" என்ற பிறகுதான் எடுத்தேன்.

இந்த முறை வேறு தேர்வாளர், வேறு கேள்வி. கட்டிலிலிருந்து ஒரு பாட்டி விழுந்துவிட்டார், இடுப்பில் கடுமையான வலி, ஒரு கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது. என்ன செய்வாய்? எந்த எலும்பு, எந்த இடத்தில் உடைந்திருக்கும் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"நகர்த்த மாட்டேன் மேடம். நின்ன இடத்துலேர்ந்தே சிஸ்டரக் கூப்பிடுவேன். சத்தமாக் கூப்பிடுவேன். அவங்க வர்ற வரைக்கும் கையப் பிடிச்சிட்டுப் பக்கத்துலயே இருப்பேன்."

"வேற?"

"வேற எனக்கு அங்க வேலை இல்ல மேடம்."

உன் பதில்தான். திரும்பும் வழியெல்லாம், அது முதலில் எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

நேற்று முடிவு வந்தது. தேர்ச்சி. டாக்டர் கைகொடுத்து, திங்கட்கிழமையிலிருந்து திரைக்கு உள்ளே வரச் சொன்னார். ஜெயா சிஸ்டர் கன்னத்தைத் தட்டினார். அம்மா ஃபோனில் அழுதாள். எதிர்க் கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, கைப்பேசியைத் திறந்தபடி வைத்துக்கொண்டு, அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். யாரும் பொறாமைப்படவில்லை.